கெண்டி ஏரிக்குப் போன விமானம்

ஆந்தை ஏரி,
ஞாயிறு காலை.

அன்புள்ள பியார்னிக்கு,

நலம். நீயும் நலமடைந்து வருகிறாய் என்று நேற்று ரேடியோவில் நர்ஸ் சொன்னாள். எழுந்து நடக்கிறாயாம், உப்பில்லாத சூப்பைத் திட்டிக்கொண்டே குடிக்கிறாயாம். திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

ரேடியோவில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ரேடியோவில் பேசினால் வடக்கே இருக்கிற மீன்பிடி முகாம் அத்தனையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தபால் விமானம் இன்று மதியம் வருகிறது. வெள்ளிக்கிழமை நீ ரயிலில் ஊர் வந்து சேர்வதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும். படிக்கும்போது படுக்கையில் சாய்ந்துகொள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

கெண்டி ஏரி வீடு எரிந்துவிட்டது. நீயும் உன் தம்பியும் கட்டிய அந்த மரவீடுதான். கூரைத் தகரமும் அடுப்பும் மட்டும் மிச்சம். செவ்வாய்க்கிழமை காற்று திரும்பியது. அதுவரை மேற்கே எங்கோ எரிந்துகொண்டிருந்த காடு, மதியத்துக்குள் கெண்டி ஏரிக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்கு வந்துவிட்டது. அங்கே மீன்பிடிக்க மினசோட்டாவிலிருந்து வந்த நான்கு விருந்தாளிகளும், அவர்களுக்கு வழிகாட்டியாக நம் ஆம்ப்ரோஸும் இருந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் ரேடியோவில் கூப்பிட்டான். அவன் குரலில் பதற்றம் என்பதை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. அன்றும் இல்லை. "ராக்னா, இங்க பொக வாசனை ஜாஸ்தியா இருக்கு. பியார்னி இருந்தா இந்நேரம் கெளம்பியிருப்பான்" என்றான். அவ்வளவுதான். அதிலேயே எனக்குப் புரிந்தது.

உனக்குப் பதிலாக நாம் வாடகைக்குப் பேசியிருந்த விமானியைத் தீயணைப்புக்காரர்கள் முதல் நாளே கூட்டிப் போய்விட்டார்கள். அவர்களிடமே கேட்டேன். பெரிய விமானங்கள் எல்லாம் ஒரு ஊரையே காலி செய்துகொண்டிருக்கின்றன, மாலைக்கு மேல்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். மாலை வரை அந்தக் குன்று காத்திருக்காது.

நம் படகுத் துறையில் நம்முடைய மிதவை விமானம் கட்டிக் கிடந்தது. சிக்னி அன்று காலையும் மிதவைகளில் இறங்கியிருந்த தண்ணீரைப் பம்பால் அடித்து வெளியே விட்டு, எண்ணெய் பார்த்து, கண்ணாடி துடைத்து வைத்திருந்தாள். நீ ஓட்ட விடாத விமானத்தை உன் மகள் தினமும் துடைக்கிறாள், பியார்னி. உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன அன்று நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் கெண்டி ஏரிக்கு நீ போகக் கூடாது. சின்ன ஏரி அது. சத்தியம் பண்ணு" என்றாயே. நீ ஆக்ஸிஜன் முகமூடி போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கேட்ட சத்தியம். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் நீ அவளை ஓட்ட விடாமல் வலப்பக்க இருக்கையிலேயே உட்கார வைத்திருந்ததைப் பற்றியும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆம்ப்ரோஸ் பேசியதை அவளும் கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு துறைக்குப் போய் நின்றாள். கயிற்றை அவிழ்க்கவில்லை. "அப்பாகிட்ட கேளும்மா. அவர் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், போயிடுவேன்" என்றாள்.

நான் ரேடியோ அறைக்கு ஓடி, ஊர் நிலையத்தைப் பிடித்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் இணைக்கச் சொன்னேன். அந்த நர்ஸ் நல்ல பெண்தான். "அம்மா, அவரை இப்பதான் ஆபரேஷன் முடிச்சுக் கொண்டு வந்திருக்காங்க. இன்னும் முழிக்கல. எழுப்பவும் முடியாது" என்றாள். நீ பிழைத்துக்கொண்டாய் என்ற செய்தியே எனக்கு அப்போதுதான் கிடைத்தது. அழுவதற்கு நேரமில்லை.

படியிறங்கித் துறைக்கு வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. வானம் மேற்கே செங்கல் நிறத்தில் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் தானாகச் சொன்னது.

"போகச் சொன்னார்."

அவள் நம்பவில்லை. "நெஜமாவா? என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே சொல்லு" என்றாள்.

"லேசா ஏத்து, ரெண்டு நடையா கொண்டான்னு சொன்னார்" என்றேன்.

உன் வாயிலிருந்து வருவது போலவே இருந்தது. அவள் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

முதல் நடை நன்றாக முடிந்தது. ஆம்ப்ரோஸ் விருந்தாளிகளை எடைபோட்டுப் பிரித்து, மூன்று பேரை முதலில் ஏற்றிவிட்டிருந்தான். நாலாவது ஆள் வெண்டல் என்ற பல் வைத்தியர், உன்னைப் போல ஒன்றரை ஆள். அவர் தன் மீன் பெட்டியை விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம். "டாக்டரே, மீனா நீயான்னு நீயே சொல்லிடு. ரெண்டு பேருக்கும் எடமில்ல" என்று ஆம்ப்ரோஸ் கேட்டபிறகுதான் கீழே வைத்தாராம். அந்த மூவரும் இறங்கும்போது ஒருவர் முழங்காலில் விழுந்து பலகையை முத்தமிட்டார். சிக்னி இயந்திரத்தை அணைக்கக்கூட இல்லை. திருப்பிக்கொண்டு போனாள்.

இரண்டாவது நடையில் அவள் குரல் ஒரே ஒரு முறை வந்தது. "ஏரி தெரியலம்மா. எதுவுமே தெரியல. நான்..." அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

பியார்னி, நான் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஆம்ப்ரோஸும் பதில் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கெண்டி ஏரிக்கும் நமக்கும் நடுவே புகை ஒரு மலை மாதிரி எழுந்து நின்றது. சாம்பல் நம் துறைப் பலகையில் பனி போல விழுந்தது. ஹேசல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தாள். யாருக்கு அவ்வளவு கிழங்கு என்று நான் கேட்கவில்லை. அவள் புருஷன் ஆம்ப்ரோஸும் அந்தப் புகைக்குள்தான் இருந்தான். ஒருமுறை தலையை நிமிர்த்தி என்னிடம் சொன்னாள்: "பியார்னி சொல்லித்தானே போயிருக்கா? அப்ப வந்துடுவாங்க. அவனுக்குத் தெரியாததா?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நடை என்று சொன்னது நீ இல்லை, நான். எனக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? எல்லாரையும் ஒரே நடையில் ஏற்றியிருந்தால் அவர்கள் இந்நேரம் கிழங்கு தின்றுகொண்டிருப்பார்களோ? என் வாயில் வந்த ஒரு வார்த்தைக்காக ஆம்ப்ரோஸை அந்தக் கரையில் விட்டுவிட்டேனோ? அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன்.

விடிந்தபோது சத்தம் கேட்டது. நான் வானத்தைப் பார்த்தேன். சத்தம் வானத்திலிருந்து வரவில்லை. தண்ணீரிலிருந்து வந்தது. நீள ஏரியிலிருந்து நம் ஏரிக்கு வரும் கால்வாய்ப் பக்கம் இருந்த புகைக்குள்ளிருந்து விமானம் ஒரு படகைப் போல ஊர்ந்து வந்தது. இடப்பக்க மிதவையின் நுனியில் ஆம்ப்ரோஸ் கழியோடு உட்கார்ந்து, பாறை இருக்கிறதா என்று குத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். சிக்னிக்குப் பக்கத்து இருக்கையில் வெண்டல், தலையில் ஈரப் போர்வையோடு.

நடந்தது இதுதான். கெண்டி ஏரி தெரியவில்லை என்றதும் அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. திரும்பி, புகை மெல்லிசாக இருந்த நீள ஏரியில் இறங்கிவிட்டாள். குன்று மறைத்ததால் ரேடியோ எடுக்கவில்லை. கெண்டி ஏரிக் கரையில் ஆம்ப்ரோஸ் அந்த இயந்திரச் சத்தம் எங்கே அடங்கியது என்று காதால் குறித்துக்கொண்டான். வீடு பற்றிக்கொண்டபோது வெண்டலை இழுத்துப் படகில் போட்டு, நீள ஏரிக்கு இறங்கும் ஓடை வழியாகக் கிளம்பினான். பாறை வந்த இடத்திலெல்லாம் இரண்டு பேருமாகப் படகைத் தூக்கினார்களாம். பல் வைத்தியர் காளை மாதிரி தூக்கினார் என்று ஆம்ப்ரோஸே மெச்சினான். சிக்னி மிதவையில் நின்று துடுப்பால் அதன் தகரத்தை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அவர்களுக்கு வழி தெரிய. அவள் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருக்கிறது. பிறகு பறக்க முடியாத புகையில், தண்ணீரிலேயே நீள ஏரியையும் கால்வாயையும் கடந்து வந்துவிட்டாள்.

இறங்கியதும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை உனக்குத் தெரிய வேண்டும். "அப்பா சொன்ன மாதிரி லேசாத்தான் ஏத்தினேன்மா. மூணு பேரோடயே மர உச்சி மிதவையில ஒரசிச்சு. அஞ்சு பேரா ஏத்தியிருந்தா அங்கயே முடிஞ்சிருப்போம்." சொல்லிவிட்டு மேசையில் தலை வைத்துத் தூங்கிப் போனாள். நான் வெளியே போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஆம்ப்ரோஸ் அங்கே வந்தான். அவனுடைய ரேடியோ அன்று மதியம் திறந்தே இருந்திருக்கிறது. நர்ஸ் சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறான். என் பக்கத்தில் நின்று, "பியார்னி தூக்கத்துலயும் நல்லாத்தான் யோசனை சொல்றான்" என்றான். ஹேசலுக்குக்கூட அவன் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி நீ விமானம் ஓட்டக் கூடாது என்று உன் டாக்டர் உன்னிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார், பியார்னி. நீ "கொஞ்ச நாள் ஓய்வு" என்று மட்டும் நர்ஸிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். அப்படியே இருக்கட்டும். நேரில் பேசிக்கொள்ளலாம், அல்லது பேசாமலே இருக்கலாம்.

நான் கேட்பது வேறு. வெள்ளிக்கிழமை ஊர்த் துறைக்கு உன்னை அழைத்துப் போக விமானத்தை ஓட்டி வருவது சிக்னிதான். வந்ததும் உனக்கு நன்றி சொல்வாள். நான்கு நாளாக அந்த வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரிகிறது. நீ முழித்திருந்தால் போகச் சொல்லியிருப்பாயா என்று நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன் என்று கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் மட்டும், "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்று சொல். முகத்தைப் பார்த்துச் சொல்.

பிறகு வலப்பக்க இருக்கையில் ஏறி உட்கார். பெல்ட்டைப் போட்டுக்கொள். கைகளை மடியில் வைத்துக்கொள்.

கடவுள் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உன்
ராக்னா