மனுகாவுக்கு ஓர் உலகச் சுற்றுலா

ஜூன் 4, புதன்

குப்பை லாரி போன பிறகு எங்கள் காலித் தொட்டி காற்றில் உருண்டு தெருமுனை வரை போய்விட்டது. கிளென்ஃபீல்டில் சரிவில் வீடு வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் இலவச உடற்பயிற்சி. துரத்திப் பிடித்து நிமிர்ந்தால் போனில் ஒரு படம். மெல்போர்ன் ஹோட்டலின் காலை உணவு: வெட்டிய பப்பாளி, மூன்று வகை ரொட்டி, பூப்போல மடித்த துணி.

அனுப்பியவர் என் கணவர் மதன்குமார். பால்பவுடர் ஆலைகளுக்கு மென்பொருள் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில். மீதிப் பாதி, ஆகாயத்திலிருந்து வந்த களைப்பில்.

'சூப்பர்' என்று பதில் போட்டேன். தொட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். அதுவும் ஒரு காட்சிதானே.

ஜூன் 7, சனி

எங்கள் வீட்டுத் துரை வந்து இறங்கினார். குட்டிக் குட்டி ஷாம்பு பாட்டில்கள், ஒரு சாக்லெட் டப்பா. நிதின் கதவைத் திறந்துவிட்டு, "டாட், எப்போ திரும்பப் போறீங்க?" என்றான். ஒன்பது வயது. குத்திக் காட்டத் தெரியாது. மழை எப்போது விடும் என்பதைப் போலத்தான் கேட்டான். பதின்மூன்று வயது மஹதி போனிலிருந்து தலையைத் தூக்காமலே "ஹாய் டாட்". முடிந்தது வரவேற்பு.

சாயங்காலம் வரை தூக்கம். "ஜெட்லாக்" என்றார். மெல்போர்னுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். பாவம், என்ன கஷ்டமோ.

ஜூன் 13, வெள்ளி

ஜூலை பள்ளி விடுமுறை வருகிறது. மூன்று வருடமாக வாக்குக் கொடுத்திருக்கும் கோல்ட் கோஸ்ட் தீம் பார்க்கை நினைவுபடுத்தினேன். இவர் பறந்து பறந்து சேர்த்த பாயிண்ட்ஸில் நாலு பேரும் போய் வரலாம், டிக்கெட் வாங்கவே வேண்டாம்.

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டில் முடியாது என்பதன் மரியாதையான பெயர்.

ஜூன் 15, ஞாயிறு

தீர்ப்பு வந்துவிட்டது. எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

"மனுகாவ்லயே தீம் பார்க் இருக்கே. ரெண்டு ராத்திரி அங்கயே மோட்டல்ல தங்கிக்கலாம். எதுக்கு அவ்வளவு தூரம் பிளேன்ல போயிட்டு?"

மனுகாவ். அதே ஊர்தான்; பாலத்தைத் தாண்டிக் காரில் அரை மணி. டிராபிக் இருந்தால் ஒரு மணி. மஹதி, "மனுகாவ்? சீரியஸ்லி?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பெனி கூப்பிட்டால் ஜகார்த்தா, சிங்கப்பூர், மெல்போர்ன். குடும்பம் கூப்பிட்டால் மட்டும் மனுகாவ்! அதையே வாய்விட்டுக் கேட்டேன். அவர் கார் கழுவப் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூன் 16, திங்கள்

கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் லக்ஷிகாவிடம் சொன்னேன். "ஓம், பாஸ்போர்ட்டை மறந்திடாதேங்கோ. பாலம் தாண்டேக்க கேப்பினம்." மாலை வரை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

சிங்கப்பூர் போயிருக்கும் மதனிடமிருந்து போன். ஆசியா முழுவதற்கும் அவரைத் தலைவராகப் போடுகிறார்களாம். சம்பளம் நன்றாக உயரும். பயணமும் இரண்டு மடங்கு ஆகும். ஜூலை பதினொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

யாரோ தூரத்து உறவினர் தவறிப்போன செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். நான்தான் வாழ்த்துச் சொன்னேன். இனி வீட்டுக்கு வரும்போது விசா வாங்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்றேன். சிரிக்கவில்லை. நாளைக் காலை வழக்கம்போல ஒரு பப்பாளி வரும், பார்ப்போம்.

ஜூலை 5, சனி

உலகச் சுற்றுலா இனிதே தொடங்கியது. பாலத்தைத் தாண்டும்போது நிதின் உண்மையாகவே கை தட்டினான். அவன் ஒருவனுக்காவது இது விடுமுறை.

மோட்டல் பரவாயில்லை. ஹீட்டர் வேலை செய்கிறது. கெட்டிலும் இரண்டு டீ பையும் உண்டு. ஆனால் விமானங்கள் இறங்கும் வழி நேரே எங்கள் தலைக்கு மேலே. கோல்ட் கோஸ்ட் போகாதவர்களுக்கு, கோல்ட் கோஸ்டிலிருந்து வருபவர்களின் வயிற்றுப் பக்கமாவது தெரியட்டும் என்று ஏற்பாடு போல. ஒவ்வொன்று வரும்போதும் மதன் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறார். அது இறங்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேசுகிறார்.

"என்ன, ஆபீஸ் கூப்பிடுதா?" என்றேன்.

"சும்மா பார்த்தேன்."

ஜூலை 6, ஞாயிறு

பிள்ளைகள் டிவி பார்க்கிறார்கள். அவர் குளிக்கிறார். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் பார்க் நன்றாகத்தான் இருந்தது. மழை இல்லை, கூட்டமும் குறைவு. மஹதி கூட, கேலி செய்ய வேண்டும் என்பதை மறந்துவிட்டுச் சிரித்தாள். ரோலர் கோஸ்டருக்கு நாலு பேரும் போக வேண்டும் என்றாள். மதன் பைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "டாட், நீங்க எவ்ரி வீக் ஃப்ளை பண்றீங்க, இது ஒண்ணுமே இல்ல," என்று இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால்.

வண்டி கடகடவென்று மெதுவாக மேலே ஏறியது. என் மணிக்கட்டைப் பிடித்தார். விளையாட்டாக என்று நினைத்தேன். பிடி இறுகியது. திரும்பிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைகிறது. முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு விழுந்தோம். எனக்கு — சொல்ல வெட்கமாக இருக்கிறது — பிடித்திருந்தது. வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்தில் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வண்டி நின்றும் அவரால் எழ முடியவில்லை. அங்கே வேலை செய்யும் பெண் ஓடி வந்து பட்டையை விடுவித்துவிட்டாள். சிப்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தேன். நானா சும்மா இருப்பேன்? "என்ன, துரைக்கு எகானமி க்ளாஸ் ஒத்துக்கலையா?"

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்," என்றார்.

"எது?"

"டேக் ஆஃப்."

புரியவில்லை எனக்கு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நிதின் கைக்குழந்தையாக இருந்தபோது வெலிங்டனில் இறங்கப் போன விமானம் காற்றில் சிக்கி, இறங்க முடியாமல் மறுபடி மறுபடி மேலே ஏறியதாம். அன்றிலிருந்து இப்படித்தானாம். கிளம்புவதற்கு முந்தின நாளே சாப்பாடு இறங்காது. டாக்டரிடம் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார். வீட்டுக்கு வந்து தூங்குவது அந்த மாத்திரையால்தான்.

"அப்போ அந்தப் பப்பாளி? அந்த போட்டோ எல்லாம்?"

"இறங்கின ராத்திரி ஒண்ணும் முடியாது. காலையிலதான் கை நடுக்கம் நிக்கும். பொழைச்சிட்டேன்னு உனக்குச் சொல்ற மாதிரி..."

பொழைச்சிட்டேன்னு. நான் அதுக்கு 'சூப்பர்'னு போட்டுட்டு இருந்திருக்கேன்.

"கோல்ட் கோஸ்ட்?" என்று கேட்டேன்.

"தனியா இருந்தா எப்படியோ போயிடுவேன். அதுல நீங்க மூணு பேரும் இருப்பீங்களே. என்னால முடியாது."

மஹதி ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, தோளோடு தோள் இடிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போனை எடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

மணிக்கட்டில் நாலு விரலும் பதிந்து நீலமாக இருக்கிறது. அழ வேண்டியது, எனக்கோ கோபம்தான் வந்தது. அறையைக் காலி செய்யும்போது, பிள்ளைகள் காருக்குப் போன பிறகு கேட்டேன்: "இத்தனை வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போக வேணாம்னு சொல்லுவ. அப்புறம் வீட்டுக் கடனை எப்படிக் கட்டறது?"

வீடு திரும்பினோம். நிதின் மட்டும் பாலத்தில் மறுபடி கை தட்டினான்.

ஜூலை 9, புதன்

போக வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா?

அவர் அப்படி நம்புகிறார். நான் இருப்பதைவிட நல்லவளாக அவர் என்னை நினைத்து வைத்திருக்கிறார். வெலிங்டன் சம்பவம் நடந்தது இந்த வீட்டுக்கு மார்ட்கேஜ் எடுத்த வருடம், நான் வேலைக்குப் போகாத வருடம். "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோங்க, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" — இதைத்தான் சொல்லியிருப்பேன். என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

இரண்டு முறை ஊருக்குப் போனபோதும் நானும் பிள்ளைகளும் முன்னால் போனோம், அவர் பின்னால் தனியாக வந்தார். ஆபீஸ் வேலை என்றார். நானும் ஏர்போர்ட்டில் வைத்தே அத்தையிடம் அவரைப் பற்றிக் குறை சொன்னேன். நாள் முழுக்கக் கிளினிக்கில் உட்கார்ந்து ஊரார் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதிக்கிறவள் நான். நன்றாகத்தான் வேலை பார்க்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

பதில் சொல்ல வேண்டிய நாள். காலையில் நான்தான் ஆரம்பித்தேன். "வேணாம்னு சொல்லிடுங்க."

"சம்பளம்?"

"நான் வாரத்துல இன்னும் ரெண்டு நாள் கூட வேலை செய்யறேன். லக்ஷிகா விட்டுக்கொடுக்கற நாள் அது. கேட்டுட்டேன்."

"அது மட்டும் போதாது."

"போதாதுதான். போதாம இருந்து பார்ப்போம்."

காருக்குள் போய் உட்கார்ந்து மேலாளருக்கு போன் செய்தார். வீட்டுக்குள் பேச முடியாதாம். நாங்கள் மூன்று பேரும் சமையலறை ஜன்னலில் திருடர்கள் போல நின்று பார்த்தோம். ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே பேசினார், பிறகு தட்டுவதை நிறுத்தினார். பிறகு நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். மஹதி என் சட்டையைப் பிடித்தாள்.

உள்ளே வந்தார். அந்தப் பதவி வேறு ஒருவருக்குப் போகும். இவர் இருக்கிற வேலையில் தொடரலாம்.

"வேற என்ன சொன்னாரு?"

"'ஏன் முன்னாடியே சொல்லல, மேட்? பாதி வேலையை வீடியோலயே முடிச்சிருக்கலாமே'ன்னாரு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் ஆறிப்போன தோசையை நின்றுகொண்டே தின்றார். நாலு. காலையில் அவர் இத்தனை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஜூலை 28, திங்கள்

இவர் வீட்டில் இருப்பது என்றால் என்ன என்பதை நான் யோசிக்கவில்லை. டிஷ்வாஷரில் நான் அடுக்கிய தட்டுகளை எடுத்து மறுபடி அடுக்குகிறார். கிண்ணங்கள் 'தவறான கோணத்தில்' இருக்கின்றனவாம். ஜகார்த்தாவில் யாருக்காவது அவசரமாக ஆள் தேவையா?

ஆகஸ்ட் 16, சனி

வாரம் ஒரு முறை உளவியல் நிபுணரிடம் போகிறார். வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்: விமானம் மேலேறும் வீடியோவை முழுச் சத்தத்தில் பார்க்க வேண்டும். இன்று ஹாலில் எட்டிப் பார்த்தேன். சோபாவில் அவர், பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட்டோடு நிதின். "சீட் பெல்ட் போடுங்க சார்," என்று சொல்லி என் துப்பட்டாவை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். இவருக்கு வியர்த்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

நல்ல துப்பட்டா அது. போகட்டும்.

செப்டம்பர் 3, புதன்

மெல்போர்னில் ஏதோ ஓர் இயந்திரத்துக்கு ஆள் நேரில் போயே ஆக வேண்டுமாம். பதினேழாம் தேதி. வேறு ஒருவரை அனுப்பலாம் என்று மேலாளரே சொன்னாராம். "நானே போய்ப் பார்க்கறேன்," என்கிறார். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்றேன். "தெரியும். போக முடியுதான்னு பார்க்கணும்."

செப்டம்பர் 17, புதன்

சூட்கேஸோடு கிளம்பும்போது நிதின், "டாட், எப்போ வருவீங்க?" என்றான்.

எனக்கு லீவு நாள். மதியம் சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த காய்கறிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது போன். ஏர்போர்ட்டிலிருந்து இவர் எனக்கு போன் செய்ததே இல்லை.

"சீட்ல உட்கார்ந்துட்டேன்."

"ம்."

"கதவைச் சாத்தறாங்க." பெல்ட்டை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டது. "பயமா இருக்கு, வைஷாலி."

ஒண்ணும் ஆகாது என்று சொல்லலாம். எனக்கு எப்படித் தெரியும்?

"எதையாவது பேசிக்கிட்டே இரு," என்றார்.

எனக்குத் தெரிந்ததுதானே வரும். ஆரம்பித்தேன். டிஷ்வாஷரை அவர் அடுக்கிய அழகில் ஒரு டம்ளர் உடைந்ததைச் சொன்னேன். மஹதி புது ஷூ கேட்கிற லட்சணம், அவர் வாங்கி வைத்த மட்டமான குப்பைப் பைகள், பட்டாணி விற்கிற விலை, பட்டாணி இல்லாமல் இன்றைக்குக் குருமா எப்படி வைப்பது, ஊரில் ஒரு மனுஷன் இந்த நேரத்தில் மெல்போர்ன் போய்த்தான் ஆக வேண்டுமா என்று திட்டித் தீர்த்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி, தமிழ் புரியாவிட்டாலும், யாருக்கோ நல்ல டோஸ் விழுகிறது என்று தெரிந்து தள்ளுவண்டியோடு நகர்ந்தாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. "போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க," என்றார். லைன் போனது.

இப்போது மாலை. குக்கர் அடுப்பில். மஹதி என் முதுகுக்குப் பின்னால் நின்று, போனில் விமானம் எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்தான், "லேண்ட் ஆயிடுச்சு," என்றாள். பின்னாலேயே என் போனுக்கு ஒரு வரி வந்தது.

'இறங்கிட்டேன். பட்டாணி வாங்கினியா?'

வாங்கவில்லை. மறந்தே போய்விட்டேன்.