வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்று

வட்டகொடை
12.09.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இருமல் பரவாயில்லை. போனில் கேட்டால் "கடையில ஆள் நிக்குது, அப்புறம் பேசுறேன்" என்பீர்கள். அதனால் கடிதம்.

செல்லசாமி ஐயா ஓய்வுபெற்றாரே, தோட்டத்தில் அந்த வெளிக்கள உத்தியோகத்தர் வேலை நிரோஷனுக்குப் போய்விட்டது. மூன்று வருடமாக ஐயாவின் அறிக்கைகளை ஆபீசில் எழுதியவள் நான். அவர் நோயில் கிடந்த இரண்டு மாதமும் அவருக்குப் பதிலாக மலை ஏறி வேலை பார்த்தவள் நான். எந்த மலையில் எப்போது தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியது என்று நிரோஷன் இன்று காலையும் என்னிடம்தான் வந்து கேட்டான்.

தோட்டத்தை நடத்துகிற துரையிடமே நேரே போய்க் கேட்டேன். உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்துச் சொன்னார்: "ஒங்க பேருதான் மொதல்ல இருந்துச்சு வினோதா. வீட்டுக்காரர்கிட்ட கேட்டோம். புள்ள சின்னது, வேணாம்னுட்டாரு."

ராசம்மா அக்கா ஐந்து மாதக் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போகிறார். அவர் வீட்டுக்காரரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

மச்சான், அப்படியா சொன்னீர்கள்?

வினோதா


கொழும்பு
20.09.2024

அன்பு வினோதாவுக்கு,

பாப்பாவுக்கு மருந்தை நிறுத்திவிடாதே.

துரை எனக்குப் போன் போட்டது உண்மைதான். "வெள்ளன ஆறு மணிக்கே பெரட்டுக்கு வந்து ஆளுங்களுக்கு வேல பிரிக்கணும், மழையில நிக்கணும், சம்மதமா?" என்றார். உன் கஷ்டத்தை நினைத்துத்தான் வேண்டாம் என்றேன். அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். "ஆம்பளைங்கள அதட்டுற வேல நம்ம புள்ளைக்கு எதுக்கு" என்றார். உன்னிடம் சொல்ல மறந்துபோனேன்.

ஒரு நல்ல செய்தி. என்னைக் கடைக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். இனி ஞாயிறும் லீவு இல்லை, தீபாவளிக்குத்தான் வருவேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

கிஷாந்த்


வட்டகொடை
27.09.2024

மச்சானுக்கு,

பொறுப்பாளர் ஆனது சந்தோஷம். ஆனால் பிள்ளை இன்னும் சின்னதுதானே. உங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்கவில்லையே. என் போன் கையில்தான் இருந்தது.

பக்கத்து அறையில் இருக்கும் அத்தையிடம் கேட்டிருக்கிறீர்கள். அவரும் என்னிடம் மூச்சு விடவில்லை. இரண்டு பேரும் எனக்கு நல்லதுதான் நினைத்தீர்கள், துரையும் அப்படித்தான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

கீழ்ப் பிரிவு வெளிக்கள உத்தியோகத்தர் பொன்னையா ஐயா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். தொலைபேசி என்ற இடத்தில் என் நம்பர் மட்டும் போட்டிருக்கிறேன். ஆனாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது "அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

சொல்வீர்களா, மாட்டீர்களா? பதினைந்தாம் தேதிக்குள் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். நீங்கள் மாட்டேன் என்றாலும் கொடுப்பேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

வினோதா