ஒன்றிலிருந்து மூன்று வரை

நாக்பூர்
6.6.1993

அன்புள்ள கிச்சா,

சௌக்கியமா? பேங்க்காரர்கள் என்னை இங்கே மாற்றலில் தூக்கிப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. இந்த வெயிலுக்கு என் வழுக்கையில் அப்பளம் சுடலாம். சுடத்தான் ஆளில்லை. என் சகதர்மிணி மந்தைவெளியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். வம்பை மட்டும் வாரம் தவறாமல் தபாலில் அனுப்பிவிடுகிறாள்.

அப்படி வந்த வம்புதான் இது: மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை உன் வாடகை நூலகம் சாத்தியிருக்கும்போது உள்ளே குரல் கேட்கிறதாம். எதிரே இஸ்திரி போடும் தணிகாசலம் அவளிடம், "உள்ள யாரோ பேசிக்கினு கீறாங்கம்மா, எம்மேல சத்தியமா" என்றானாம். சும்மா இருப்பேனா? மந்தைவெளியை மலையடிவாரத்துச் சின்ன ஊராக்கி, உன் கடையை நூறு வருஷத்து நூலகமாக்கி, 'மத்தியானப் பேய்' என்று தொடர்கதை ஆரம்பித்துவிட்டேன். ஏழு அத்தியாயம் வந்தாச்சு. நீயும் படித்திருப்பாய். பேய் யாரென்று வாசகர்கள் கேட்கிறார்கள். சிரிக்காதே, எனக்கும் தெரியாது.

நிஜமாகவே உள்ளே யாருடா?

உன்
வேம்பு

மந்தைவெளி
14.6.1993

அன்புள்ள வேம்புவுக்கு,

உன் கதைக்கு இங்கே ஏக கிராக்கி. பத்திரிகை வந்த அன்றே அட்டை கிழிந்துவிடுகிறது.

உள்ளே யார் என்று கேட்டிருந்தாய். நான்தான்.

சர்க்கரையில் சாருலதாவுக்குப் பார்வை மங்கிய பிறகு, தினம் மத்தியானம் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வருவாள். கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குக் கதை படித்துக் காட்டுவேன். இது யாருக்கும் தெரியாது. போன வருஷம் அவள் போனபோது ஒரு நாவல் பாதியில் நின்றுவிட்டது. காரியமெல்லாம் முடிந்து கடை திறந்தேன். மீதியைப் படித்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. படித்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவள் சிரிக்கிற இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் படிப்பேன். உன் கதைகளில் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய்விடுவாள். அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன். உன்னோடு இருக்கட்டும்.

உன்
கிச்சா

மந்தைவெளி
12.7.1993

வேம்பு,

பன்னிரண்டாம் அத்தியாயம் படித்தேன். பூட்டிய நூலகத்துக்குள் ஓர் ஆண்குரல் கதை படிக்கிறது. யாரோ சிரித்து முடிப்பதற்காகக் காத்திருப்பதுபோல நடுநடுவே நிற்கிறது. நீ எங்கே போகிறாய் என்று தெரிந்துவிட்டது.

தணிகாசலம் இன்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். முடிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே. பேயைத் திருடனாக்கு, பூனையாக்கு. என்னையே கொலைகாரனாக்கினாலும் சம்மதம். அதை மட்டும் எழுதாதேடா. இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

கிச்சா

நாக்பூர்
17.7.1993

அன்புள்ள கிச்சா,

பாவியாகிவிட்டேன். உன் கடிதம் வந்ததற்கு முந்தின நாள்தான் கடைசி அத்தியாயத்தைத் தபாலில் போட்டேன். இந்நேரம் அச்சுக்கே போயிருக்கும். என் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் வேறு, பேர் வேறு. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? தீபாவளிக்கு வரும்போது உன் காலில் விழுகிறேன். இந்தத் தொப்பையோடு விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவது உன் பொறுப்பு.

உன்
வேம்பு

மந்தைவெளி
9.8.1993

அன்புள்ள வேம்புவுக்கு,

முடிவு பிரமாதம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் படித்தேன். அழுகை வந்தது, மறைப்பானேன்.

தெருவில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தர்கூடக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. மணி ஒன்று ஆனால் பக்கத்தாத்து மாமி மோர்சாதத்தோடு வந்து, "தனியா உக்காந்துண்டு எதுக்கு மனசைப் போட்டு வதைச்சுக்கணும்? நான் துணைக்கு இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். தணிகாசலம், "அம்மாவுக்குப் படிக்கிறியே சாமி, கொஞ்சம் சத்தமா படி, நானும் கேட்டுக்கினே தேய்க்கிறேன்" என்கிறான். கதவைச் சாத்தினால் பயந்துபோய்த் தட்டுகிறார்கள்.

எட்டு நாளாகப் படிக்கவில்லை. யாரும் இல்லாதபோதுகூட வாயைத் திறந்தால் நாலு பேர் கேட்கிற மாதிரி இருக்கிறது. சாரு வரவில்லை.

உன்மேல் கோபமில்லை. தபாலில் போன பிறகு நீ என்ன செய்ய முடியும்? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
கிச்சா

நாக்பூர்
16.8.1993

கிச்சா,

"தபாலில் போன பிறகு நீ என்ன செய்ய முடியும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேம்புவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் பேப்பரில் போட வேண்டிய செய்தி.

போகவில்லை கிச்சா. உன் கடிதம் வந்தபோது கடைசி அத்தியாயம் என் மேஜைமேல்தான் இருந்தது. உனக்காக வேறு முடிவும் எழுதினேன். பேய் ஒரு கிளி. படித்துப் பார்த்தேன், வழக்கமான வேம்பு, சுமார். இருபது வருஷமாகக் கிச்சுகிச்சு மூட்டியே காலம் தள்ளியவன் நான். என் எழுத்துக்கு ஒரு ஜீவன் அழுததில்லை. இது அழவைக்கும் என்று தெரிந்தது. கிளியைக் கிழித்துப் போட்டேன். உனக்கு எழுதிய பொய்யையும் அந்த அத்தியாயத்தையும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் போட்டேன்.

பத்திரிகை ஆசிரியர் ஜவஹர் வாசகர் கடிதங்களைக் கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். மூன்றைப் பிரித்தேன். மூன்று பேரும் அழுதிருக்கிறார்கள். மீதியைப் பிரிக்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. திட்டியாவது ஒரு கார்டு போடு.

வேம்பு

மந்தைவெளி
24.8.1993

வேம்பு,

உன் கடிதம் நேற்று வந்தது. நல்ல மழை. மத்தியானம் மாமி வரவில்லை, தணிகாசலமும் வண்டியை மூடிவிட்டுப் போய்விட்டான். கதவைச் சாத்தினேன். கையில் உன் கடிதம்தான் இருந்தது. பிரித்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, சத்தமாகப் படித்தேன். உனக்குச் சாப்பாடு இறங்காத இடத்தில் வழக்கம்போல நிறுத்தினேன்.

அடுத்த பாராவில் முதல் வார்த்தை வந்தது: 'போகவில்லை'. அதற்கு மேல் மனசுக்குள்ளேயே படித்துக்கொண்டேன். "அப்புறம்?" என்று அவள் கேட்டிருப்பாள். அவ்வளவுதான், முடிந்தது என்றேன்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே. என்னால் உனக்குப் பதில் எழுத முடியாது. ஆனால் அவளுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். அவளாவது உன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

கிச்சா