பதினொரு ஒன்றுகள்

அடையாள அட்டையின் பிரதியைத் தேடி இன்று காலை அலமாரியைத் திறந்தேன். உன் சேலைகளுக்கு அடியில் அந்தச் சதுரக்கோட்டுக் கொப்பி இருந்தது. விரித்ததும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை. நீ போய் ஒரு வருடமாகியும் அது போகவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரே ஓர் எண்: 11111111111.

கிழமைக்கு இரண்டு நாள் ஹாலிஎலயில் பஸ் ஏறி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம். இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு நாலு மணித்தியாலம் நீ படுத்திருக்க வேண்டும். மற்றவர்கள் தூங்குவார்கள், நீ கணக்குப் போடுவாய். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தும் மேலே படிக்க வழியில்லாமல், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. நான் ஃபேக்டரியில் மெஷின் பார்ப்பவன். எட்டாம் வகுப்போடு சரி.

"இது எதாலயும் வகுபடாத முதன்மை எண்ணா, இல்ல ரெண்டு எண்ணப் பெருக்கி வந்ததா? பார்க்கணுங்க."

"போன்ல தேடினா ஒரு நிமிசத்துல சொல்லிருமே."

"சொல்லும். அப்புறம் நாலு மணி நேரமும் நான் என்ன செய்ய?"

ஐந்து ஒன்றுகளை நீ முன்பே இரண்டு எண்களின் பெருக்கலாக உடைத்திருந்தாய்: 41, 271. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் பத்தால் வகுபடும். ஏழு ஒன்றுகளில் 239, 4649. ஒன்றைக் கழித்தால் பதினாலால் வகுபடும். "ரெண்டு மடங்கு! அப்ப பதினொண்ணுக்கு இருபத்திரெண்டுங்க!" என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் அம்மா விழித்துவிட்டார். இருபத்திரண்டின் மடங்கில் ஒன்றைக் கூட்டி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்றாய். அன்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாய். கால் வீக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

23, 67, 89 என்று தொடங்கி மாதக்கணக்கில் வகுத்தோம். எல்லாவற்றிலும் மீதி வந்தது. வந்ததும் சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக்கோடு. உன் கை தளர்ந்த பிறகு நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் வகுத்தலில் பிழை வந்தால் படுத்தபடியே சொல்லிவிடுவாய்.

கடைசி நாள் உனக்குக் காய்ச்சல். உடம்பு நடுங்கியது. வேறு வார்டுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இந்த ஒண்ண மட்டும் பார்த்துச் சொல்லுங்க. இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது."

எழுதினேன். வகுக்க மனம் வரவில்லை. உன் உதடு காய்ந்திருந்தது. நீ கொஞ்சம் கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது எனக்கு.

"வகுபடல," என்றேன்.

"மீதி எவ்வளவு?"

"இருக்கு. நீ தூங்கு."

கையை நீட்டிப் பேனாவை வாங்கி, நீயே குறுக்குக்கோடு போட்டாய். "சரி, அடுத்தத வியாழக்கிழமை பார்ப்போம்."

வியாழக்கிழமை உன்னை அடக்கம் செய்தோம்.

அந்தக் கணக்கை நான் போடவே இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை அதே பக்கத்தில், உன் கோட்டுக்குக் கீழே வகுத்தேன். மீதி வரவில்லை. பிழையாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். பிறகு பெருக்கிப் பார்த்தேன். 21649, 513239. பதினொரு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன. நீ தேடியது அன்று உன் கைக்கு எட்டியிருந்தது. நான்தான் இல்லை என்றேன்.

நீ போனதிலிருந்து ஃபேக்டரியில் "பெல்ட் சரியா இருக்கா?" என்று கேட்டால்கூட, எழும்பிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். வயதாகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பார்க்காமல் ஒரே ஒரு தடவை பதில் சொன்னேன். நீ அதை நம்பிக்கொண்டு போய்விட்டாய்.