மச்சினன் எண்ணுகிற மூச்சு

1977 ஜூன் 28

இந்த டைரியை ஜனவரியில் பர்னபாஸ் கொடுத்தான். கப்பல் ஏஜென்சி பெயர் பொன்னெழுத்தில் போட்டது. ஆறு மாதம் வெறுமனே கிடந்தது. கச்சான் காற்று அடிக்கிறது, சங்கு குளிக்கப் போக முடியாது, சும்மா இருக்கிறவன் எழுதவாவது செய்யலாம்.

பர்னபாஸ் என் மனைவி அல்போன்சாவின் தம்பி. ஒன்பது வருஷம் என் இடுப்புக் கயிற்றைப் பிடித்தவன். கடலடியில் சங்கு குளிக்கிறவனுக்குப் படகிலிருந்து கயிறு பிடிக்க மச்சினனைத்தான் கூப்பிடுவது எங்கள் வழக்கம். கூடப்பிறந்தவன்கூட ஒரு நொடி அசந்து போகலாம். அக்கா தாலி அறுவதை எவன் பார்த்துக்கொண்டிருப்பான்?

போன டிசம்பரிலிருந்து அவன் ஏஜென்சியில் வேலை பார்க்கிறான். அவர்களுடைய ஃபுட்பால் டீமுக்காக எடுத்தது. இப்போதைக்குத் தற்காலிகம். மாதா திருவிழாக் கோப்பையை ஜெயித்தால் நிரந்தரம் என்று மானேஜர் சொல்லியிருக்கிறாராம். அல்போன்சா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். நானும் நல்லது என்றுதான் சொன்னேன்.

போன சீசன் லீவு போட்டு வந்து பிடித்தான். அங்கேயே நிலைத்துவிட்டால் எனக்கு யார் பிடிப்பது? அதை அவளிடம் கேட்கவில்லை.

ஜூலை 3

ஏஜென்சி டீமோடு ஆட்டம், கோப்பைக்கு முந்தின பழக்க ஆட்டம். ஒன்றுக்கு சைபர் என்று தோற்றோம். என்னால் தோற்றோம்.

முப்பத்துநாலு வயசாகிறது. பன்னிரண்டு வருஷமாக எங்கள் தெரு டீமுக்கு நடுவில் ஆடுகிறேன். பந்து என் காலுக்கு வந்துதான் முன்னால் போகும். இன்றைக்கு வரவேயில்லை. பர்னபாஸ் முதல் நிமிஷத்திலிருந்து என் முதுகில் ஒட்டிக்கொண்டான். பந்து எங்கே போகிறது என்றே அவன் பார்க்கவில்லை. நான் நின்றால் நின்றான், ஓடினால் ஓடினான். தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் போனேன், அங்கேயும் வந்து நின்றான்.

அதுகூடப் பரவாயில்லை. என் காதுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அருள் நிறைந்த மரியே!

படகில் அவன் அப்படித்தான் எண்ணுவான். நான் கீழே போனதும் அந்த மந்திரத்தை ஒன்று, இரண்டு என்று சொல்ல ஆரம்பிப்பான். ஆறு மந்திரம் என் மூச்சு. ஆறு முடிந்து நான் கயிற்றை அசைக்காவிட்டால் அவனே இழுத்துவிடுவான். இன்றைக்கு மைதானத்தில் நான் வேகமெடுத்தால் எண்ணுகிறான், எப்போது என் கால் தளரும் என்று அவனுக்குத் தெரிகிறது, அந்த நேரம் பார்த்துப் பந்தைக் கொத்திக்கொண்டு போகிறான்.

முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவமா அத்தான்? என்னைய இதுக்குத்தான் வச்சிருக்காவ" என்றான். கோபம் இல்லை என்றேன். பொய்.

ஜூலை 5

தெருவில் நடக்கும்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூலை 10

பர்னபாஸ் சாப்பிட வந்தான். அல்போன்சா சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். துறைமுகத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமைக் கப்பல் நிற்கிறதாம். அதிலே ஒரு மாலுமி ஏஜென்சி டீமோடு சாயங்காலம் பந்து உதைக்க வருகிறானாம்.

"அவன் ஊருல வேற மாதிரி ஆட்டம் அத்தான். முட்டை மாதிரி பந்து, கையாலயும் புடிக்கலாம். எதிராளியில எவன் நடுவுல நல்லா ஆடுதானோ, அவனுக்குன்னே ஒருத்தன விட்டுருவாங்களாம். ஆட்டம் முடியுத மட்டும் அவன் பின்னாலயே அலையணும். அவன்கிட்டதான் நான் படிச்சேன்."

"அப்ப மாட்டுனவன் என்ன செய்வான்?" என்று அல்போன்சா கேட்டாள். நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள்.

"அதுக்கும் வழி இருக்குக்கா. கூட்டாளி ஒருத்தன் வழியில மரம் மாதிரி நிப்பான். இவன் அவனை உரசிக்கிட்டு ஓடணும். பின்னால வாரவன் கண்ணு இவன் முதுகுலதான இருக்கும்? போய் மரத்துல மோதுவான்." சிரித்தான். "அவங்க ஆட்டத்துல அது சட்டமாம். நம்ம ஆட்டத்துல ஃபவுலு."

இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டான்.

ஜூலை 17

மாதா கோப்பை அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். இறுதியாட்டம் முப்பத்தொன்றாம் தேதி. எதிரே யார் என்று சொல்ல வேண்டுமா?

இரண்டு வாரமாக வேறு நினைப்பு இல்லை. அவனை எப்படி உதறுவது? வேகமாக ஓடிப் பார்த்தாயிற்று, அவனுக்கு வயசு இருபத்தாறு. பந்து வந்தவுடன் நிறுத்தாமல் ஒரே தட்டில் தள்ளிவிடலாம். பந்தை நோக்கி இரண்டடி வைத்துவிட்டுச் சட்டென்று பின்னால் திரும்பலாம். எங்கள் டீம் மாசானத்தை வைத்துப் பழகினேன். உப்பு மூட்டை தூக்குகிறவன், மலை மாதிரி உடம்பு, அவனை ஏமாற்றுவது பெரிசில்லை.

எங்கள் காப்டன் நயினார் தன் சைக்கிள் கடையில் வைத்து வேறு ஒன்று சொன்னான். "ஏலே ரோச்சு, நீ பந்தைத் தேடாத. கோட்டோரமாப் போயி நில்லு. அவன் உன் பின்னாலயே வாரான்லா? நடுவு காலியாயிரும். நாங்க அங்கன பூந்து ஆடிக்கிடுதோம்."

சரியான யோசனை. அதைவிட நல்ல யோசனை கிடையாது. ஆனால் நான் பந்தைத் தொடாமல் ஓரத்தில் நிற்க வேண்டும்.

ஜூலை 26

கொடியேற்றம். மாதா கோயில் வாசலில் நிற்க இடமில்லை. பர்னபாஸும் பக்கத்தில் நின்றான். அவன் என்ன வேண்டினான் என்று தெரியும். நான் என்ன வேண்டினேன் என்று எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 1

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பாதி நயினார் சொன்னபடி கோட்டோரம் நின்றேன். பர்னபாஸும் வந்து நின்றான். நடுவில் எங்கள் ஆட்கள் தாராளமாக ஆடினார்கள், இரண்டு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் கோல் விழுந்திருக்கும். எனக்கே தெரிந்தது.

கோட்டுக்கு வெளியே எங்கள் தெருக்காரர்கள்தான். "ஏலே, மச்சினன் மாட்டைக் கட்டிப் போட்டுட்டாம்லே! வைக்கோல் போடுங்கலே!" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். பர்னபாஸ் சிரிக்கவில்லை. "காதுல போட்டுக்காதீங்க அத்தான்" என்று மெல்லச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இடைவேளையில் மாசானத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். நான் கையைத் தூக்கினால் நின்ற இடத்திலேயே நில், அசையாதே என்றேன். "ஃபவுல் குடுப்பாம்லா அண்ணாச்சி?" என்றான். ரெஃப்ரி கண் பந்து மேல்தான் இருக்கும் என்றேன்.

ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும். கையைத் தூக்கினேன். மாசானத்தின் தோளை உரசிக்கொண்டு நடுவே ஓடினேன். பின்னால் முணுமுணுப்பு வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது மந்திரத்தில் நின்றுபோனது.

சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நயினாரிடம் சொன்னேன், ஆனால் கேட்டது. பந்து என் காலில் இருந்தது, முன்னால் ஒருத்தனும் இல்லை. அடித்தேன். கோல்.

கையை விரித்துக்கொண்டு ஓடினேன். பாதி தூரம் ஓடின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே அவன் கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதும் என்னைத்தான்!

ஆகஸ்ட் 2

கோப்பை நயினார் கடையில் இருக்கிறது. போய்ப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5

திருவிழா. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அல்போன்சா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிள்ளைகளுக்குப் பழைய சோற்றைப் போட்டாள். ஆட்டத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னிடம் பேசினாள்.

"அவன் என் கையால சோறு தின்னுக்கிட்டே சொன்னது. நான் கேட்டு, அவன் சொன்னது. அதையாங்க அவனுக்கே செஞ்சீங்க?"

மோதுவான், விழுவான், எழுந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன் என்றேன். அவள் காலிப் பானையைக் கழுவப் போனாள்.

ஆகஸ்ட் 23

கட்டுப் பிரித்தாலும் முழங்கால் முழுக்க மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி ஆட்டம் கிடையாது. ஏஜென்சியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆட முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை?

மாசானம் வந்து அழுதான். "நீங்க சொல்லித்தான நின்னேன் அண்ணாச்சி." ஆமாடா, நான் சொல்லித்தான் நின்னே. உன் மேல ஒரு தப்பும் கிடையாது என்றேன்.

செப்டம்பர் 11

பர்னபாஸைப் பார்க்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9

ஒன்று எழுத வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட இதை விட்டுவிட்டேன்.

நான் கையைத் தூக்கினது கிண்டல் பொறுக்காமல் மட்டும்தானா? அவர்கள் தோற்றால் அவனுக்கு வேலை நிரந்தரமாகாது. வேலை இல்லை என்றால் என் கயிற்றுக்குத்தான் வருவான். கொடியேற்றத்தன்று நான் வேண்டினது அதுதானே? கால் உடையணும்னு கேக்கல. மாதா சத்தியமா கேக்கல. ஆனா அவன் எனக்கு வேணும்னு கேட்டேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். சங்கு சீசன் பதினாலாம் தேதி தொடங்குகிறது. படகுக்காரர் கயிற்றுக்கு யார் என்று கேட்டார். யாரையாவது பார்க்கிறேன் என்றேன். கேட்டுப் பார்த்த இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள். மச்சினன் காலை உடைத்தவனுக்குக் கயிறு பிடித்து நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

நவம்பர் 14

விடியும்போது கரைக்குப் போனேன். படகில் பர்னபாஸ் உட்கார்ந்திருந்தான். இடது காலைப் பலகை மேல் நீட்டி வைத்திருந்தான். மடியில் என் கயிறு.

மாப்ளே என்றேன். "எங்க அக்காவுக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. ஏறுங்க" என்றான். அவ்வளவுதான். சங்கு கிடக்கிற பாருக்குப் படகு போய்ச் சேர்ந்தது.

ஆழத்துக்கு இழுக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் தெளிந்திருந்தது. மணலில் சங்கு ஊர்ந்த தடம் தெரிந்தது. மூன்று எடுத்துப் பையில் போட்டேன். அதற்குப் பிறகு கை ஓடவில்லை. மூச்சு முட்டுகிறது, கயிற்றை அசைக்க வேண்டும், அசைக்கவில்லை. வேண்டுமென்றேதான் அசைக்கவில்லை. இப்போது அவன் பிடியில்தான் இருக்கிறேன், விடுவதாக இருந்தால் விடட்டும் என்று அடியிலேயே இருந்தேன்.

கயிறு இறுகியது. இழுத்துவிட்டான்.

படகு விளிம்பைப் பிடித்து இருமிக்கொண்டிருந்தேன். நான் அசைக்கவே இல்லையே என்றேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அஞ்சுல இழுத்துட்டேன். ஆறு இனி உங்களால ஆகாது."

அத்தான் என்று சொல்லவில்லை. பையை வாங்கிச் சங்கை எண்ணி வைத்தான். கயிற்றைச் சரி பண்ணி மறுபடியும் கையில் சுற்றிக்கொண்டான். நான் இறங்கினேன்.