ஃப்யூஸ் ஒயர்ஸ் ஸ்பூல்

3 பிப்ரவரி 2025, திங்கள்

செந்தமிழ்செல்வன் என் பழைய டேப் ஸ்பூலை இசைத்தட்டாக அடித்து வெளிநாட்டுக்கு விற்கிறான். ஜெர்மனியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் படம் அனுப்பியிருந்தார். அட்டையில் ‘தி ஃப்யூஸ் ஒயர்ஸ், சிதம்பரம், 1973’. கீழே, ‘கண்டெடுத்துக் காத்தவர் செந்தமிழ்செல்வன்’.

கண்டெடுத்தவனா? சிதம்பரத்தில் மூடிப்போன மைக்செட் கடையின் பழைய இரும்பை எடைக்கு எடுத்தபோது அடியில் கிடந்தது. எடுத்தவன் நான். ஓட்டிப் பார்க்க மெஷின் தேடி மூன்று வருடம் அலைந்தவன் நான். ஐந்து பையன்களும் ஒரு பெண்ணும் கல்லூரி விழாவில் ஆங்கில ராக் பாட்டுகளைப் போட்டு நொறுக்கிய நாற்பத்தோரு நிமிடம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இப்படி நடந்ததற்கு வேறு அத்தாட்சி நான் பார்த்ததில்லை.

பழைய டேப் சேர்க்கும் எங்கள் வட்டத்தில் ஒரே சட்டம்: பிரதிக்குப் பிரதி மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அதைச் செல்வனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், இந்த ஸ்பூலின் பிரதியைக் கொடுத்ததும் நான்தான்.

4 பிப்ரவரி

போன் செய்தேன். சிரிக்கிறான்.

“மச்சான், இரைச்சல எடுத்து சுத்தம் பண்ணது யாரு? நானு. நீ செம்மங்குப்பத்துல கெமிக்கல் பேரல் கழுவி விக்கிற ஆளு. உனக்கு எதுக்கு ராக்கு?”

பேரல் கழுவித்தான் மாடி வீடு கட்டினேன். வெட்கமில்லை. ஆனால் அவன் சொன்ன விதம் —

7 பிப்ரவரி

விடமாட்டேன்.

10 பிப்ரவரி

தட்டை விற்கிற இணையதளத்துக்குப் புகார் அனுப்பினேன். பாடியவரோ வாரிசோ எழுதினால்தான் எடுப்பார்களாம். நான் யாராம்?

சரி, பாடியவரையே பிடிக்கிறேன். ஸ்பூலில் அறிவிப்பாளர் கத்துகிறார்: “கடலூர் முதுநகர் ஞானமேரி!” விசில் பறக்கிறது. உயிரோடு இருந்தால் எழுபது தாண்டியிருக்கும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இருக்கிறார்! சர்ச் வாசலில் கேட்ட மூன்றாவது ஆளே வீட்டைக் காட்டிவிட்டார். ரிடையர்டு நர்ஸ், தனியாக இருக்கிறார். பாட்டைப் போனில் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் தட்டியது. செல்வன் தொலைந்தான் என்று உள்ளுக்குள் குதித்தேன். கதையைச் சொல்லி, எழுதி வைத்திருந்த புகாரை நீட்டினேன்.

“அவரு வித்தது தப்புதான். நீங்க எத்தன பேருக்குக் குடுத்தீங்க தம்பி?”

“நாப்பது பேருக்கும்மா. ஒரு பைசா வாங்கல.”

“யாரக் கேட்டுக் குடுத்தீங்க?”

நீட்டிய காகிதத்தை மடித்தேன்.

“அப்பாவுக்குத் தெரியாமப் பாடுனது. எவனோ போய்ச் சொல்லிட்டான். அடுத்த வாரமே காலேஜ நிறுத்தி நர்ஸ் டிரெயினிங்ல தள்ளிட்டாரு. அத நாப்பது வூட்ல போட்டுக் கேக்குறாங்களா? யோசிச்சு சொல்றேன், போய்ட்டு வாங்க.”

17 பிப்ரவரி

எனக்கும் செல்வனுக்கும் ஒரே தட்டா? நான் விக்கல. விக்கவே இல்ல. கேக்கல, அவ்ளோதான். கேக்கணும்னு இத்தன வருஷத்துல ஒரு தடவகூடத் தோணல. சரி, அது வேற கணக்கு. முதல்ல அவன் கதறணும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஞானமேரி அம்மா கூப்பிட்டு நிபந்தனை சொன்னார். ஒரு மணி நேரம் பேரம் பேசினேன். டீ கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், ஒரு படி இறங்கவில்லை. கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர்களையே மடக்கிய எனக்கு இப்படி ஓர் ஆள் வாய்த்ததில்லை.

வேண்டாம் என்று எழுந்து தெருமுனைவரை போனேன். செல்வன் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. திரும்பி வந்து ஒத்துக்கொண்டேன். புகாரில் கையெழுத்துப் போட்டார்.

1 மார்ச்

தளம் தட்டைத் தூக்கிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் செல்வன் போன்.

“மச்சான், முந்நூறு அடிச்சேன், எரநூத்திச் சொச்சம் அப்படியே வூட்ல கெடக்குது. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்.”

“நீயே பேசிப் பாரு மச்சான். நான் பேசித் தோத்துட்டேன்.”

மத்தியானம் இரண்டு பரோட்டா கூடுதலாக இறங்கியது.

2 மார்ச், ஞாயிறு

ஸ்பூலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒத்துக்கொண்டது இது: ஸ்பூல் இனி அவருடையது. என்னிடம் இருந்த பிரதியை அவர் கண்முன்னே அழித்தாயிற்று. நாற்பது பேருக்கும் அழிக்கச் சொல்லி நானே எழுத வேண்டும், யாரிடம் இன்னும் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டும். பதிலுக்கு, மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்தபின், போனை வாசலில் வைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து ஒருமுறை கேட்கலாம். மெஷின் நான் கொண்டுவர வேண்டும். ரிப்பேரானால் என் செலவு.