இழுக்கக் கூடாத கயிறு

செப். 18, வியாழன்

மழை வரும் போலிருந்தது, வரவில்லை. ஒரே புழுக்கம். செஞ்சிக்குப் போய் போர்டு வாங்கி வந்தோம். 'மரம் வெட்டித் தரப்படும்' என்று எழுதி வைத்திருந்தான் பாவி. இவருக்கு வந்ததே கோபம்.

"வெட்றதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கறான். நாங்க எறக்கறவங்க."

"இன்னா சார் வித்தியாசம்? எப்படியும் கீழதான வருது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் முறைத்தார். 'இறக்கித் தரப்படும்' என்று மாற்றி எழுதி வாங்கினோம்.

வித்தியாசம் உண்டுதான். சிங்கப்பூரில் இத்தனை வருஷம் இவர் பார்த்த வேலையே அது. வீட்டுக்கு மேலே சாய்ந்த கொம்பை அறுப்பதற்கு முன்னாலேயே கயிற்றில் கட்டிவிட வேண்டும். கயிறு மேலே கப்பி வழியாக வந்து அடிமரத்தில் மூன்று சுற்று. நுனி என் கையில். அறுத்ததும் கொம்பு தொங்கும், நான் மெல்ல மெல்ல விட வேண்டும். பாரத்தை அந்தச் சுற்று தாங்கிக்கொள்ளும். எனக்குப் பலம் வேண்டாம், நிதானம் போதும். என்னிடம் இல்லாத ஒரே பொருள்!

சாயங்காலம் கொல்லை வேம்பில் பழக்கம். மணல் மூட்டையைக் கட்டி இறக்கினேன். முதல் தடவை தொப்பென்று விழுந்து கிழிந்தது. "போச்சு, ஓடு ஒடஞ்சுது, கஸ்டமர் கத்தறாரு" என்று மேலிருந்து நக்கல். இருட்டுவதற்குள் கவிழ்த்த மண்சட்டி மேல் மூட்டையை உட்கார வைத்துவிட்டேன். சட்டிக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

செப். 20, சனி

தளவானூர். முதல் வேலை. வேம்பு, மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்த கொம்பு.

சுடிதார் மேல் இவர் சட்டை, தலையில் ஹெல்மெட். போய் இறங்கியதுமே ஒருத்தன், "இன்னாக்கா, வண்டி எங்க?" எல்லாரும் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன்.

அதன் பிறகு சிரிப்பு இல்லை. கொம்பை அறுத்தார், தொங்கியது, விட ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. "பொம்பள எப்படிடா தாங்கும், புடிங்கடா!" என்று யாரோ குரல் கொடுக்க, நாலைந்து பேர் ஓடிவந்து அடிமரச் சுற்றுக்கு மேலே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். விட வேண்டிய கயிறு. கொம்பு சர்ரென்று மேலே ஏறி, ஆடி, இவர் முழங்காலில் மோதியது. கால் வழுக்கி அந்தரத்தில் தொங்கினார். பெல்ட்டும் அவருடைய தனிக் கயிறும் தாங்கின.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவி செய்யத்தான் வந்தார்கள். இவர் இறங்கியதும் மோர் கொடுத்து, உட்கார வைத்து விசிறினார்கள். யாரைத் திட்டுவது?

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கையில் கஞ்சியைக் கொட்டிவிட்டேன். பயந்துபோனேன். இந்தப் பயத்தை எழுதித்தான் தீர்க்க வேண்டும், இவரிடம் காட்ட முடியாது.

செப். 21, ஞாயிறு

வெயில். முழங்கால் வீக்கம், உப்புத் தண்ணீர் ஒத்தடம். கத்தரிக்காய்க் குழம்பு. புரட்டாசி என்பதால் கோழி பிழைத்தது.

சிங்கப்பூர் மேஸ்திரியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். ஆள் வேண்டுமாம், வருகிறாயா என்று. இவர் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். நான் வெங்காயம் உரிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாங்க, போறீங்களா?"

"கீழ நிக்கறவங்கள நம்பித்தான் சுமதி மேல ஏறணும். அங்க கோடு போட்டா அந்தாண்ட ஒரு ஆள் வரமாட்டான். இங்க ஊரே வந்து இஸ்குது."

"அப்ப ஒரு பெரிய ஆம்பளைய நிறுத்திக்கோங்க. நான் பேசாம சமைக்கறேன்."

"ஒன்ன எவன் சொன்னான்? நீ வுட்ட வரைக்கும் சரியாத்தான் வந்துது."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஆனாலும் அவலூர்பேட்டை வேலையை ஒத்துக்கொண்டாயிற்று, அதையும் செய்து பார்ப்போம், அதிலும் இப்படி ஆனால் டிக்கெட் போடுவேன் என்று சொல்லிவிட்டார். மறுபடி ரெண்டு வருஷம் போனில் குடித்தனம். வேண்டாம் சாமி.

யோசித்துப் பார்த்தேன். தடியான கயிறும் கூட்டமும் சேர்ந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. தேர் வடம் பிடித்த கை. தேரில் இழுப்பதற்கு ஊரே இருக்கிறது, சக்கரத்துக்குக் கட்டை போட ஒருத்தர்தான். நான் கட்டை போடுகிற ஆள் என்று இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

செப். 23, செவ்வாய்

மேகமூட்டம். காற்று இல்லை. அவலூர்பேட்டை போய் மரம் பார்த்தோம். கடை வைத்திருக்கும் சமண நயினார் ஒருவர் வீடு, பழைய நாட்டு ஓடு. மேலே தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கொம்பு. மழைக் காற்றுக்கு முறிந்தால் நேராகப் படுக்கையறைதான்.

நயினார் ஓட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கூடு ஏதாவது இருக்குதா பாருங்க. குஞ்சு இருந்தா அது பறக்கற வரைக்கும் வேணாம்." இவர் காலைத் தாங்கித் தாங்கி ஏறிப் பார்த்தார். காலிக் கூடு ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா வந்து மரத்தைச் சுற்றி ஒரு நடை. தேர் வடத்தில் முதல் ஆள் அவர்தானாம், நெஞ்சைத் தட்டிச் சொன்னார். "கவலப்படாதம்மா. வியாழக்கிழம எங்க பசங்களோட வந்துடறேன். ஒரே இஸ்ப்பு."



செப். 25, வியாழன்

எடுத்துப் போனவை: ரம்ப மிஷின், பெ. கயிறு, சி. கயிறு, கப்பி, பெல்ட், ஹெல்மெட் 2, விசில், கிணற்றுக் கயிறு (பழசு, வண்டி மூட்டை கட்ட).

காற்று இல்லை. கரண்ட் நிறுத்தச் சொல்லி, ஆள் வந்து நிறுத்தியும் போனார். கப்பியை இவர் ஒரு தடவை பார்த்தார், நான் ஒரு தடவை பார்த்தேன்.

ஏழுமலை மாமா ஆட்களோடு வந்துவிட்டார். கைலியை மடித்துக் கட்டி, கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு நேராக என் கயிற்றுக்கு வந்தார். மேலே இவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கீழே பார்க்கிறார். அந்த முகம்! டிக்கெட் போட்ட முகம்.

இழுக்காதீங்க என்று சொன்னால் கேட்பாரா? சண்டைதான் வரும். வாயில் தானாக வந்தது: "மாமா, இது லேசு வேலை, நானே பாத்துக்கறேன். ஒங்களுக்குத்தான் பெரிய கயிறு இருக்குது."

ஓடிப்போய்க் கிணற்றுக் கயிற்றை எடுத்து, அதே மரத்தின் அடியில், பின்பக்கமாக இறுக்கிக் கட்டினேன். நுனியைத் தெருவுக்கு அந்தப்பக்கம் இழுத்துப் போய் மாமா கையில் கொடுத்தேன். கொம்பு எப்படி ஆடினாலும் எட்டாத இடம். "விசில் அடிக்கற வரைக்கும் தளரவே கூடாது. யாரும் எடத்த வுட்டு அசையக் கூடாது. ஒங்கள நம்பித்தான் அவரு மேல இருக்கறாரு."

"நீ போம்மா! டேய், புடிங்கடா!"

பிடித்தார்கள் பாருங்கள். யானை கட்டி இழுத்தாலும் அசையாத அடிமரத்தை, கழுத்து நரம்பு புடைக்க. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். என் பக்கம் ஒரு காக்கா இல்லை.

மிஷின் சத்தம். கொம்பு இறங்கித் தொங்கியது. மூன்று சுற்றும் கிர்ரென்றது. விட்டேன், நிறுத்தினேன், விட்டேன். ஓட்டைத் தொடாமல் தாண்டி, வாசலில் இலை முதலில் உட்கார்ந்தது, அப்புறம் கட்டை. விசில்.

தெருவில் ஒரே கைதட்டல். யாருக்கு? ஏழுமலை மாமாவுக்கு! உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு வந்தார், கன்றிச் சிவந்திருந்தது. "நானு கொஞ்சம் தளர்ந்திருந்தா நயினார் வூடு போயிருக்கும்."

"ஆமா மாமா."

நயினார் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று இலை போட்டு உட்கார வைத்தார். மண்ணுக்கடியில் விளைவது அவர்களுக்கு ஆகாது என்பதால் கூட்டில் உருளைக்கிழங்கு கிடையாது, ஆனால் என்ன ருசி.

திரும்பி வரும்போது இவர் வண்டியை ஓரங்கட்டினார். "அந்தக் கயிறு எதுக்குக் கட்டின?"

"ஆளுங்களுக்கு."

ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மேஸ்திரிக்கு வாய்ஸ் அனுப்பினார். "இல்லண்ணே, வரல. எனக்கு இங்க கீழ நிக்க நல்ல ஆள் கெடச்சிருக்குது." நான் அந்தப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது.

செப். 26, வெள்ளி

நல்ல தூக்கம். தோள் வலி. விடியற்காலம் தூறல்.

இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஏழுமலை மாமா போன். அவர் சம்பந்தி வீட்டில் சாய்ந்த தென்னை ஒன்று இருக்கிறதாம், பேசி முடித்துவிட்டாராம். "நீங்க தைரியமா வாங்க. கயிறு புடிக்க நானே வந்துடறேன்."

கிணற்றுக் கயிறு நேற்றே நைந்துவிட்டது. செஞ்சிக்குப் போனால் மாமாவுக்கென்று நல்ல தடியாக ஒன்று வாங்க வேண்டும்.